புதுக் குதிரையைக் கயிற்றுக்குப் பழக்குவது

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகளில், பெரியவர்கள் ஒரு கேலி சொல்வார்கள். துரைமாருடைய குதிரைக்கு லாயம், நமக்கு லயம், ஒரு கால்தான் வித்தியாசம் என்று. அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்தவன், இன்று நுவரெலியாவில் 2 பொனிகளில், அதாவது சின்ன ஜாதிக் குதிரைகளில், சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றித்தான் பிழைக்கிறேன். இங்கே பந்தயத் திடல் 1875இல் வந்தது. அதனால் குதிரை ஊருக்குப் புதிதில்லை. ஆனால் பழக்கும் விதத்தை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. பார்த்துத்தான் பழக வேண்டும், பார்க்கிறதில் பாதி தப்பாக இருக்கும்.

போன வருடம் செவலையை வாங்கினேன். 3 வயதுப் பெட்டை. முன்பு வைத்திருந்தவர் கம்பத்தில் கட்டிப்போட்டே வளர்த்திருந்தார். கயிற்றைக் கண்டாலே தலையை வானத்துக்குத் தூக்கும். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் நேரம். ஒரு தடவைக்கு 15 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. எனக்குக் காலை ஆறரை, சுற்றுலா வேன்கள் வர முன்னர். பிறகு பின்னேரம் நாலு மணி. மழையென்றால் கொட்டகைக்குள்ளேயே செய்வேன், விடுவதில்லை. கிழமை முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் போட்டு வாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குதிரை களைக்கும், படிக்காது.

முதல் மூன்று நாள் ஒன்றுமே செய்யாதீர்கள். கவிழ்த்த வாளியில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்திருங்கள். குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கத்திலும் இருப்பதால் சுற்றிவரக் கிட்டத்தட்ட எல்லாமே தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. ஆகவே தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். நேராக முகத்துக்கு வந்து நெற்றியைத் தடவுவது மனிதருக்குத்தான் பிடிக்கும்.

இனிக் கயிறு. முக்கியமான இடம் இதுதான், மெதுவாக வாசியுங்கள். தலைக்கயிறு போட்டு, முகத்துக்கு முன்னால் நிற்காமல் தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கயிற்றை இரண்டு விரலால் பிடித்து முன்னுக்கு இழுங்கள், பால் வாளி தூக்குகிற பாரம்கூட வேண்டாம். இழுத்த பிடியில் அப்படியே நில்லுங்கள். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. குதிரை கழுத்தை விறைக்கும், தலையை ஆட்டும், பின்னுக்குச் சாயும். நீங்கள் அசையாதீர்கள். பிறகு ஒரு நேரம் வரும்: கால் இன்னும் எழும்பியிருக்காது, நெஞ்சு மட்டும் கொஞ்சம் முன்னுக்கு வரும், கயிற்றின் விறைப்பு விரலில் குறையும். அந்த நொடியே கயிற்றை முழுசாகத் தளர விடுங்கள். அடி எடுத்து வைக்கட்டும் என்று காத்திருந்தால் பிந்திவிட்டீர்கள். இழுப்பதில் குதிரை எதையும் படிப்பதில்லை. எதைச் செய்தபோது கயிறு தளர்ந்தது என்பதைத்தான் அது மனதில் வைக்கிறது.

முதல் நாள் செவலை கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றது. நாலு நிமிடம் இருக்கும். என் கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சின்ன அசைவு வந்தது. தளர விட்டேன், கழுத்தைத் தடவினேன். அன்றைக்கு அவ்வளவுதான், அவிழ்த்து விட்டேன். அடுத்த நாள் ஒரு நிமிடம். நாலாம் நாள் கயிறு அசைந்ததும் கூடவே நடந்தது. தளர்ந்ததும் குதிரை வாயைச் சப்பினால் "விளங்கிவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். பதற்றம் இறங்கியதற்கு அடையாளம் என்றுதான் நான் நினைக்கிறேன். அதுவே போதும்.

ஐந்தாம் நாள் எனக்குக் காய்ச்சல், மச்சான் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர், ஆனால் பயம். செவலை தலையை உதறினால் கயிற்றை விட்டுவிடுவார். நான் எழும்பி வந்து பார்த்தால், உதறினால் கயிறு தளரும் என்று செவலை அருமையாகப் படித்து வைத்திருக்கிறது! நாலு நாளில் படித்ததை மீட்க மூன்று கிழமை போனது. அப்புறம் கொட்டகைத் தகரத்தில் சோக்கால் எழுதி வைத்தேன்: நிற்க "ஹோ", நடக்க நாக்கால் "க்ளக்", உதறினால் விடாதே. குதிரையைத் தொடுகிற எல்லாருக்கும் அதே சொல், அதே கை.

மச்சானை மட்டும் சொல்லக் கூடாது. தை மாதம், பனி கொட்டித் தேயிலை கருகியிருந்த ஒரு காலையில், கடன்காரர் வந்துபோன கோபத்தை வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். செவலை என் காலை மிதித்தது. கயிற்று நுனியால் ஒரு அடி வைத்தேன். ஒரே ஒரு அடி. அதன் பிறகு காதுக்குப் பக்கத்தில் கையைத் தூக்கினாலே கொட்டகையின் மூலைக்குப் போய்விடும், கிட்டத்தட்ட ஒரு மாதம். இப்போது கோபமான நாளில் சாணி மட்டும் அள்ளுகிறேன், பாடம் வைப்பதில்லை.

கால் தூக்கப் பழக்குவதும் அதே கணக்குத்தான். தோளில் கை வைத்து, கையை எடுக்காமல் கீழே வழித்து, கணுக்காலுக்கு மேலே பின்பக்க நரம்பை லேசாக அமத்துங்கள். குளம்பு மண்ணை விட்டதும் ஒரு நொடி பிடித்து, அது பறிக்க முன்னர் நீங்களே கீழே வையுங்கள். நாளைக்கு இரண்டு நொடி. எங்கள் ஊர் ஈரத்தில் இதை விட முடியாது. குளம்பின் அடியில் உள்ள முக்கோண மெத்தையில் சேறு தங்கினால் கறுத்து நாறும். தினமும் சுரண்ட வேண்டும், 6 முதல் 8 கிழமைக்கு ஒருமுறை லாடக்காரரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது சத்தமும் சலசலப்பும். ஏப்ரல் சீசனில் கிரகரி வாவிப் பக்கம் நின்றால் தெரியும்: ஹோர்ன், பலூன், பஸ்ஸுக்குள் பப்பரே வாத்தியம். அதற்கு நான் மனைவியின் பழைய பொலித்தீன் படங்கை எடுத்தேன். மழையில் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிறது. புல் போடும் இடத்திலிருந்து 20 அடி தள்ளிக் கம்பியில் தொங்கவிட்டேன். தின்பதை நிறுத்தாவிட்டால் அடுத்த நாள் ஒரு அடி கிட்ட. தலையைத் தூக்கி, மெல்லுவதை நிறுத்தினால் இரண்டு அடி பின்னுக்கு. முடிவில் முதுகிலேயே போட்டேன், அசையவில்லை. சரி என்று வாவிக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது அதே மாதிரி ஒரு படங்கு வலது பக்கம் பறந்தது, செவலை என்னையும் இழுத்துக்கொண்டு வடிகானுக்குள்! நான் எல்லாவற்றையும் இடது பக்கத்தில் நின்றே காட்டியிருந்தேன். இரண்டு பக்கமும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

அன்றைக்கு என் விரல் தப்பியதற்குக் காரணம், கயிற்றைக் கையில் சுற்றாமல் மடித்துப் பிடித்திருந்தது. ஒருபோதும் சுற்றாதீர்கள். கட்டும்போதும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுத்தான்.

தின்னக் கொடுத்துப் பழக்கலாமா என்று கேட்பார்கள். கந்தப்பளைத் தோட்டங்களில் உடைந்த கரட் மலிவாகக் கிடைக்கும், நானும் கொடுக்கிறேன். ஆனால் வாளியில். கையில் கொடுத்தால் கொஞ்ச நாளில் சட்டைப் பையைக் கடிக்கும், பிறகு வருகிற பிள்ளைகளின் விரலை. வட்ட வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் கீறிப் போடுங்கள், வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும்.

ஆளை ஏற்றுவதற்கு 4 வயதாவது ஆகட்டும். எலும்பு அதற்குப் பிறகும் முற்றிக்கொண்டுதான் இருக்கும். ஏற்றும்போதும் குதிரையின் எடையில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம், சேணத்தையும் சேர்த்து. செவலை 250 கிலோ இருக்கும், அப்படியென்றால் 50 கிலோ. போன கிழமை கொழும்பிலிருந்து வந்த ஒரு ஐயா, தொண்ணூறுக்குக் குறையாத உடம்பு, காசை நீட்டிக்கொண்டு ஏறப் பார்த்தார். "ஐயா, இது சின்னப் பிள்ளை, நீங்கள் பக்கத்தில் நடந்து வாங்க" என்றேன். மகளை ஏற்றினோம். கயிறு தளர்வாகத் தொங்க, வாவியை ஒரு சுற்று வந்தோம். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.