ஜீப்பின் பின்பகுதியில் சாமான்களை அடுக்கிக் கட்டுவது எப்படி?

முதன்முதலாக நான்கு சில்லு இழுவையுள்ள ஜீப் ஒன்றை வாங்கியவர்கள், யாழ்ப்பாணத்து மணற்காட்டு மணற்குன்றுகளுக்கோ சுண்டிக்குளத்துக்கோ புறப்படும் காலையில், கொண்டுபோகும் சாமான்கள் எல்லாம் உள்ளே கொள்ளுமா என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். பின்கதவு பூட்டுப்பட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று மருதங்கேணி வீதியில் ஒரு கட்டாக்காலி மாடு குறுக்கே வந்தது. பிறேக்கை முழுதாக அழுத்தினேன், மாடு தப்பிவிட்டது. ஆனால் பின்னால் சாமான்களின் மேல் சும்மா வைத்திருந்த, ரயர் மாற்ற வாகனத்தை உயர்த்தும் ஜக், ஆசனத்தைத் தாண்டி, முன்னிரு ஆசனங்களுக்கும் இடையால் வந்து டாஷ்போர்டில் இறங்கியது. வானொலிக்குக் கீழே பிளாஸ்ரிக்கில் ஒரு பெருவிரல் புதையும் அளவுக்கு விழுந்த குழி இன்றும் அப்படியே இருக்கிறது. பின்னாசனத்தில் என் மகளின் தலை இருந்த இடத்துக்கும் அந்த ஜக் வந்த வழிக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இருக்கவில்லை.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் எதிலாவது மோதி அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே கட்டப்படாமல் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் தடுத்து நிறுத்த, அதன் நிறையைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு விசை வேண்டும். 20 லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்று அந்தக் கணத்தில் 400 கிலோ பாரம்போல ஆசனத்தின் முதுகை இடிக்கும். ஆகவே கதவு பூட்டுமா என்று கேட்பதை விட்டு, சடுதியாக நின்றால் எந்தப் பொருள் எங்கே போகும் என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

முதலாம் படி: எல்லாவற்றையும் வெளியே எடுத்தல்

முற்றத்தில் ஒரு படங்கை விரித்து, கொண்டுபோக நினைக்கும் அனைத்தையும் அதில் பரப்பி, பாரமானவை, அடிக்கடி தேவைப்படுபவை, அவசரத்துக்கு உரியவை என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். நிறைகளைக் குறித்துக் கூட்டி, வாகனத்தின் கைநூலில் உள்ள சுமை எல்லையோடு ஒப்பிடுங்கள். அந்த எல்லைக்குள் பெரும்பாலும் ஆட்களின் நிறையும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: கட்டும் இடங்களைக் கண்டுபிடித்தல்

பின்பகுதியின் கம்பளத்தைக் கிளப்பிப் பாருங்கள். பெரும்பாலான ஜீப்களில் தளத்தின் மூலைகளில் இரும்பு வளையங்கள் இருக்கும். மூன்றாவது வரிசை ஆசனம் கழற்றப்பட்ட வாகனம் என்றால், அந்த ஆசனத்தின் போல்ட் துளைகள் இன்னும் நல்லவை, ஏனெனில் அவை ஆட்களைத் தாங்குவதற்கென்றே உடற்சட்டத்தோடு பலப்படுத்தப்பட்டவை. பக்கச் சுவரிலுள்ள பிளாஸ்ரிக் கொழுக்கி கடைப்பை மாட்டுவதற்கு மட்டுமே உதவும். அதில் பட்டியைக் கொழுவினால் முதல் இழுவையிலேயே கழன்று வந்துவிடும்.

புதிதாகத் துளையிட வேண்டியிருந்தால், துளைக்கருவியைக் கையில் எடுக்கும் முன் வாகனத்தின் அடியில் படுத்துப் பாருங்கள், ஏனெனில் எரிபொருள் தாங்கியும் பிறேக் குழாயும் மின்வயர்களும் பல வேளைகளில் அந்தத் தளத்தின் நேர்கீழேதான் செல்கின்றன. தலையில் 8.8 என்று பொறித்த 8 மில்லிமீற்றர் போல்டை எடுத்து, தகட்டின் அடிப்பக்கத்தில் அகன்ற வாஷரோ சிறிய இரும்புத் தகடோ வைத்து, தானாகக் கழலாத நைலோன் நட்டால் இறுக்குங்கள். சிறிய வாஷர் போட்டால், இழுவை வரும்போது தகடு கிழிந்து போல்ட் மேலே வந்துவிடும். துளையின் வெட்டுமுகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்க மறக்க வேண்டாம். நமது உப்புக் காற்றில் வெறும் இரும்பு ஒரு மாரிகூடத் தாங்காது.

மூன்றாம் படி: தளம் போடுதல்

கம்பளத்தின் மேல் எந்தப் பெட்டியும் வழுக்கும். பழைய அட்டைப் பெட்டியை விரித்து, பின்பகுதியின் வடிவத்தை அதில் வெட்டி எடுத்து, அதே அளவில் 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையை அறுத்து, போல்ட்டால் இறுக்கி, மேலே இறப்பர் விரிப்பைப் போடுங்கள். இறப்பரின் உராய்வே கட்டும் வேலையில் ஒரு பங்கைச் செய்துவிடும்.

நான்காம் படி: அடுக்கும் ஒழுங்கு

பாரமானவை கீழேயும், பின்னாசனத்தின் முதுகோடு ஒட்டியும் இருக்க வேண்டும். தண்ணீர்க் கானும் திருத்தக் கருவிப் பெட்டியும் அங்கே வரட்டும். பாரத்தைப் பின்கதவோடு வைத்தால், ஏற்கெனவே அங்கே தொங்கும் உபரி ரயரின் நிறையும் சேர்ந்து, பின் அச்சுக்கு அப்பால் பாரம் கூடி முன்சில்லுகளின் பிடி குறையும், ஸ்ரேயரிங் இலேசாகிவிடும். உடுப்பு, பாய், கூடாரம் போன்றவை மேலேயும் பின்னேயும் போகலாம். காஸ் சிலிண்டரை நிமிர்த்தி, வால்வை இறுக மூடி, காற்றோட்டமுள்ள இடத்தில் தனியாகக் கட்டுங்கள். அந்த வாயு காற்றை விடப் பாரமானது, கசிந்தால் தளத்தில் படிந்து நிற்கும். பெற்றோல் கானை ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் வைக்கவே வேண்டாம்.

மண்வெட்டி, இழுவைப் பட்டி, காற்றழுத்தமானி, காற்றடிக்கும் பம்பி ஆகியவை கதவைத் திறந்ததும் கைக்கு வரவேண்டும். மணலில் இறங்கும்போது ரயரின் காற்றை ஏறக்குறைய 18 பிஎஸ்ஐ வரை குறைத்து, தார் வீதிக்குத் திரும்பும்போது மீண்டும் அடிக்க வேண்டும் என்பதால், இவை ஒரு பயணத்தில் இரண்டு முறையாவது வெளியே வரும். மணலில் புதைந்தபின் சமையற் பாத்திரங்களை எல்லாம் வெயிலில் இறக்கிவைத்து மண்வெட்டியைத் தேடுவது பெரும் அவஸ்தை. தீயணைப்பானும் முதலுதவிப் பெட்டியும் பின்பகுதிக்கு உரியவை அல்ல, சாரதியின் கைக்கெட்டும் இடத்தில் இரும்புப் பிடியில் இருக்க வேண்டும். குப்பைக்கும் ஒரு மூடியுள்ள வாளி ஒதுக்குங்கள். 1938 முதல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 முதல் தேசிய பூங்காவாகவும் உள்ள சுண்டிக்குளத்தில் ஒரு போத்தல் மூடியைக்கூட நாம் விட்டுவரக் கூடாது.

ஐந்தாம் படி: கட்டுதல்

தும்புக் கயிறு தளரும், நைலோன் கயிறு நீளும், கொழுக்கி வைத்த இறப்பர்ப் பட்டி பாயைச் சுருட்டிவைக்க மட்டுமே போதும். 25 மில்லிமீற்றர் அகலமுள்ள, பற்சக்கரப் பூட்டுள்ள பொலியெஸ்டர்ப் பட்டியை வாங்குங்கள். ஐரோப்பியத் தரத்துக்கு ஏற்பச் செய்யப்பட்ட பட்டியில் நீலநிறச் சிட்டை இருக்கும், அந்த நீலம் பொலியெஸ்டரைக் குறிக்கும். சிட்டையில் எல்சி என்ற எழுத்துக்களின் பக்கத்திலுள்ள எண்ணை, பட்டி தாங்கும் கிலோ அளவாகவே ஏறக்குறைய எடுத்துக்கொள்ளலாம். சிட்டை இல்லாத பட்டியை நான் வாங்குவதில்லை.

பட்டியின் நுனியைப் பூட்டின் நடுவிலுள்ள உருளைப் பிளவுக்குள் கீழிருந்து நுழைத்து, தளர்வு முழுவதையும் கையால் இழுத்தெடுத்த பின்னரே பிடியை அசைக்கத் தொடங்குங்கள். உருளையில் குறைந்தது இரண்டு சுற்றாவது விழ வேண்டும், ஆனால் தளர்வை இழுக்காமல் தொடங்கினால் பட்டி குவிந்து பூட்டு இறுகிப்போய், பிறகு திறக்கவும் முடியாது. நீளம் மிஞ்சினால் முடிச்சுப் போடாதீர்கள், முடிச்சு விழுந்த பட்டி தன் வலிமையில் பெரும்பங்கை இழந்துவிடும். இரும்புப் பெட்டியின் விளிம்பில் பட்டி உராயும் இடங்களில் பழைய ரயர் ரியூப்பை உள்ளங்கை அளவில் வெட்டி இடையே வையுங்கள். ஒவ்வொரு பாரமான பொருளுக்கும் இரண்டு பட்டிகள் வேண்டும். ஒன்று மேலிருந்து தளத்தோடு அழுத்தவும், மற்றது முன்னே பாயாமல் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கவும்.

ஆசனத்தின் முதுகை விட உயரமாக எதையும் அடுக்குவதானால், கூரையிலிருந்து தளம்வரை தடுப்பு வலை அவசியம். பருத்தித்துறையில் வாங்கும் மீன்வலை இதற்கு ஆகாது, ஓரங்களில் பட்டி தைத்து, இரும்பு வளையங்களோடு வரும் சரக்கு வலையே வேண்டும்.

ஆறாம் படி: ஓடிப் பார்த்தல்

ஆளில்லாத வெளியில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிச் சடுதியாக நிறுத்துங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள், இடிக்கும் சத்தம் வந்த இடத்தில் இன்னொரு பட்டி தேவை. யாழ் நகரிலிருந்து ஏ9 வீதியால் புறப்பட்டால் சாவகச்சேரியில் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பட்டிகளையும் மீண்டும் இறுக்குங்கள், ஏனெனில் ஓட்டத்தில் சாமான்கள் படிந்து பட்டி தளர்ந்திருக்கும். தார் முடிந்து மணற்பாதை தொடங்கும் இடத்தில் இன்னொருமுறை.

வீடு திரும்பியதும் பட்டிகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிட்டு, பூட்டின் பற்களுக்குள் புகுந்த மணலைப் பழைய பல்துலக்கியால் தட்டி, ஒரு துளி எண்ணெய் விடுங்கள். அடுத்த நாள் தளத்தின் ஒவ்வொரு போல்டிலும் ஸ்பானரைப் போட்டுப் பாருங்கள். முதற் பயணத்துக்குப் பிறகு அநேகமாக ஒன்றாவது கால் சுற்று இறுகும்.