செவ்வாயில் விண்கல்: செய்தி படிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

2025-இல் இரண்டு செய்திகள் சில மாத இடைவெளியில் வந்தன. ஜூலையில் நியூயார்க்கில் 24.67 கிலோ எடையுள்ள ஒரு கல், கட்டணங்கள் உட்பட சுமார் 53 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. செப்டம்பரில் நாசாவின் பெர்செவரன்ஸ் ரோவர் (செவ்வாய்த் தரையில் ஓடும் ஆய்வு வண்டி) செவ்வாயின் ஜெசரோ பள்ளத்துக்கு வெளியே சுமார் 80 செ.மீ. அகலமுள்ள ஒரு விசித்திரக் கல்லைப் பார்த்தது. இரண்டிலும் ‘செவ்வாய்’ உண்டு, ‘விண்கல்’ உண்டு. ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் பயணம் செய்த கற்கள். குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

ஏலம் போனது செவ்வாயிலிருந்து பெயர்ந்து பூமிக்கு வந்த துண்டு. இந்த வகைக்கு நம் நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு: 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த கல்லை வைத்துத்தான் செவ்வாய்க் கற்களில் ஒரு பெரிய பிரிவுக்கே ஷெர்காட்டைட் என்று பெயர். ரோவர் பார்த்தது வேறு சங்கதி. அது அநேகமாக எங்கோ உடைந்த ஒரு சிறுகோளின் துண்டு, செவ்வாயில் விழுந்து அங்கேயே கிடப்பது. அதை யாரும் ஏலம் விட முடியாது, எடுத்துவரவும் வழி கிடையாது. பெயர்களும் சேர்ந்து காலை வாரும். ‘ஆலன் ஹில்ஸ்’ என்று தேடினால், 1984-இல் அண்டார்க்டிகாவில் எடுக்கப்பட்டு, பின்னர் 1996-இல் ‘உயிர்த் தடயம்’ சர்ச்சையைக் கிளப்பிய செவ்வாய்க் கல் வரும். ஸ்பிரிட் ரோவர் 2006-இல் செவ்வாயில் பார்த்த ஒரு விண்கல்லுக்கும் அதே பெயர்தான் வைத்திருக்கிறார்கள். எது எங்கே கிடந்தது என்று பார்க்காமல் படித்தால் தலைசுற்றும்.

அடுத்த தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது என்பேன்: படத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதுவது. கறுப்பாக, பளபளவென்று, குழி குழியாக இருந்தால் விண்கல் என்று முடிவுகட்டிவிடுகிறோம். செவ்வாயில் எரிமலைப் பாறைக்குப் பஞ்சமே இல்லை. அதிலும் வாயு வெளியேறிய துளைகள் இருக்கும். காற்றும் மணலும் பல காலம் தேய்த்த பாறையும் மினுங்கும். போதாக்குறைக்கு நாம் அனுப்பிய குப்பையும் அங்கே கிடக்கிறது. 2022-இல் பெர்செவரன்ஸ் படம்பிடித்த பளபளப்பான தகடு, அது இறங்கியபோது பயன்பட்ட வெப்பப் போர்வையின் துண்டு.

சரி, எப்படித்தான் உறுதி செய்கிறார்கள்? இன்னொரு கோளில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட விண்கல்லின் கதையைப் பார்த்தால் போதும். ஆப்பர்சுனிட்டி ரோவர் 2004 ஜனவரியில் மெரிடியானி சமவெளியில் இறங்கியது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, தான் இறங்கும்போது கழற்றி எறிந்த வெப்பக் கவசம் என்ன ஆனது என்று பார்க்கப் போனது. கவசத்துக்குப் பக்கத்தில் கூடைப்பந்து அளவில், குழிகளோடு ஒரு கல். தூரத்திலிருந்தே அகச்சிவப்புக் கருவியைத் திருப்பினார்கள். பாறைக்குரிய அலைக்கோலம் (பொருளுக்குப் பொருள் மாறும் ஒளி அலைகளின் வரிசை) வரவில்லை, வானத்தின் அலைக்கோலம் வந்தது! அதாவது கல் வானத்தைப் பிரதிபலித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் உலோகம். அந்தக் கட்டத்தில்கூட அவர்கள் சந்தேகத்தோடுதான் நின்றார்கள். ரோவரின் கையை நீட்டி, கல்லின் மேல் கருவிகளை வைத்து அளந்தபோது சுமார் 93 சதவீதம் இரும்பு, 7 சதவீதம் நிக்கல் என்று வந்தது. அதற்குப் பிறகுதான் 2005 ஜனவரியில் அறிவிப்பு. அதே ஆண்டில் ‘மெரிடியானி பிளானம்’ என்று அதிகாரப்பூர்வப் பெயரும் கிடைத்தது.

இங்கே நிக்கல்தான் சாட்சி. ஒரு கோள் உருகிப் பிரியும்போது நிக்கலின் பெரும்பகுதி இரும்போடு சேர்ந்து நடுவே உள்ள கருவுக்குள் இறங்கிவிடும். மேற்பரப்புப் பாறையில் மிகக் கொஞ்சமே மிஞ்சும். ஆகவே தரையில் கிடக்கும் ஒரு கல்லில் உலோக இரும்பும் ஏராளமான நிக்கலும் சேர்ந்திருந்தால், அது உடைந்துபோன ஏதோ ஒரு சிறுகோளின் உள்பகுதி என்று சொல்லலாம். பெர்செவரன்ஸ் பார்த்த கல்லிலும் லேசர் கருவி இரும்பையும் நிக்கலையும் அதிக அளவில் காட்டியது. அந்தக் கல்லுக்கு ‘ஃபிப்ஸாக்ஸ்லா’ என்று பெயர் வைத்தார்கள். ஆனாலும் மேலும் ஆய்வு தேவை என்றுதான் நாசா தன் அறிவிப்பில் சொன்னது. நம் ஊர்த் தலைப்புகளில் அந்தத் தயக்கம்தான் முதலில் காணாமல் போகும்.

படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2009-இல் ஆப்பர்சுனிட்டி கண்ட ‘பிளாக் ஐலண்ட்’ என்ற இரும்பு விண்கல்லின் படம் நீலம் பாய்ந்த நிறத்தில் பரவலாகப் பகிரப்பட்டது. அது செயற்கை நிறம். பொருள்களுக்கு இடையே உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரிவதற்காகக் கூட்டப்பட்டது. கியூரியாசிட்டி ரோவர் 2014 மே மாதம் பார்த்த ‘லெபனான்’ என்ற விண்கல்லின் படத்தில் கல்லின் மேல் வட்ட வட்டமாகச் சில பகுதிகள் மட்டும் அதிகக் கூர்மையாகத் தெரியும். யாரோ ஒட்டுப்போட்டதுபோல இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம், ஒட்டுதான்! லேசர் கருவியோடு இணைந்த தொலைநோக்கி எடுத்த வட்டப் படங்களை, சாதாரண வண்ணக் கேமரா எடுத்த படத்தின் மேல் பொருத்தியிருக்கிறார்கள். அப்புறம் அளவு. லெபனான் சுமார் 2 மீட்டர் அகலம். அதே ரோவர் 2016-இல் கண்ட ‘எக் ராக்’ கோல்ஃப் பந்து அளவுதான். திரையில் இரண்டும் ஒரே பருமனாகத் தெரியும். எக் ராக்கை உற்றுப் பார்த்தால் வரிசையாகச் சில மினுங்கும் புள்ளிகள் இருக்கும். அது வேற்றுலகவாசி போட்ட கோலம் இல்லை, ரோவரின் லேசர் சுட்ட தடம்.

‘செவ்வாயில் இரும்பு விண்கற்கள்தான் விழுகின்றன’ என்ற முடிவும் தவறு. பூமியில் விழுவதைப் பார்த்து எடுத்தவற்றில் இரும்பு வகை ஏறக்குறைய 5 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் கல் வகை. ரோவர்கள் இரும்பையே அதிகம் காண்பதற்குக் காரணம், அது தேயாமல் நிற்கிறது, கண்ணிலும் படுகிறது. கல் வகை விண்கல்லைச் சுற்றியுள்ள பாறையிலிருந்து பிரித்தறிவதே பெரும்பாடு.

கண்டுபிடித்த தேதியை விழுந்த தேதியாக எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. உண்மையில் அந்தக் கல் எவ்வளவு காலமாக அங்கே கிடக்கிறது என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது. பிளாக் ஐலண்ட் சுமார் 60 செ.மீ. அகலம், எடை அரை டன் அளவுக்கு மதிப்பிடப்பட்டது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் 1 சதவீதம்கூட இல்லை. அந்த மெல்லிய காற்று இவ்வளவு பெரிய இரும்பை எப்படி வேகம் குறைத்துச் சிதறாமல் இறக்கியிருக்கும்? அப்படியென்றால் இது விழுந்த காலத்தில் காற்று அடர்த்தியாக இருந்திருக்க வேண்டும் என்று முதலில் வாதிட்டார்கள். உடனே ‘செவ்வாயில் அடர்ந்த காற்று இருந்ததற்கு ஆதாரம்’ என்று சிலர் எழுதிவிட்டார்கள். ஆனால் பின்னர் வந்த கணக்கீடுகள், கல் மிகச் சாய்வான கோணத்தில் நுழைந்திருந்தால் இன்றைய காற்றே போதும் என்று காட்டின. எனவே அந்த ஒரு கல்லை வைத்துக் காற்றின் வரலாற்றை எழுத முடியாது. அதன் மேல் படிந்த துருதான் இன்னும் நல்ல தடயம். உலோக இரும்பு ஈரத்துக்குச் சட்டென்று மசிந்துவிடும். ஆகவே எவ்வளவு துரு, எங்கே துரு என்பதைப் பார்த்து, கல் விழுந்த பிறகு அந்தத் தரை எவ்வளவு ஈரம் கண்டது என்று கணிக்க முயல்கிறார்கள். இந்த ஆராய்ச்சியை ‘எங்கிருந்து வந்த கல்’ என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திவிடுவது வீண்.

கடைசியாக, பழைய சரக்கு. ஸ்பிரிட்டின் குரல் 2010-இல் நின்றது. ஆப்பர்சுனிட்டி 2018 ஜூன் புழுதிப் புயலில் மௌனமானது, 2019 பிப்ரவரியில் பயணம் முடிந்ததாக அறிவித்தார்கள். இந்த இரண்டின் பெயரோடு ‘நேற்று கண்டுபிடித்தது’ என்று ஏதாவது வந்தால், மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.