எடின்பரோ பப்பில் ஒரு 80 ஷில்லிங்: காஸ்க் ஏல் ருசிக்கப் பழகுவோம்

எடின்பரோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு பப்பில் காஸ்க் ஏல் என்ற பீப்பாய் பீரைக் கேட்டு வாங்கினேன். நாக்கில் வைத்ததும் வினிகர் போலப் புளித்தது. பாரம்பரிய பீர் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்து முழுவதையும் குடித்து முடித்தேன். அதன்பிறகு ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. அது கெட்டுப்போன பீர் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நல்லது எப்படி இருக்கும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒரு வருடம் வீணாகியிருக்காது. ஸ்காட்லாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்திருப்பவர்களுக்கும், நாலு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பீர் குடிக்கும் பழக்கம் இல்லாதவர்களை இதற்காகப் பழகச் சொல்லவில்லை.

படி 1: கோப்பையில் இருப்பது என்ன?

காஸ்க் என்றால் பீப்பாய். இப்போது பெரும்பாலும் உலோகத்தில்தான் வருகிறது. வழக்கமான அளவுக்கு ஃபர்கின் என்று பெயர்: 9 காலன், ஏறக்குறைய 41 லிட்டர். பீர் ஆலையிலிருந்து கிளம்பும்போது அதற்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். வடிகட்டுவதில்லை, சூடுகாட்டிக் கிருமி நீக்குவதும் இல்லை. பப்பின் நிலவறையில் கிடந்தபடியே அது கடைசிச் சுற்றாக நொதிக்கிறது. நிலவறையைக் கவனிப்பவர் பீப்பாயின் மேல்துளையில் ஒரு சின்ன மரமுளையை அடித்து, அதிகப்படி வாயுவை வெளியேற்றுகிறார். வண்டல் அடியில் படியும்வரை ஆடாமல் அசையாமல் வைத்திருந்து, ருசி பார்த்த பிறகே குழாயை மாட்டுகிறார். பாதி வேலை ஆலையில் என்றால் மீதி வேலை பப்பில் நடக்கிறது.

திறந்த பீப்பாயில் பீர் குறையக் குறையக் காற்று உள்ளே புகும். மூன்று நாளைக்குள் விற்றுத் தீர்த்துவிட வேண்டும். நான் அன்று குடித்தது நாள் கடந்த சரக்கு.

சில்லென்று இருக்கும் என எதிர்பார்க்காதீர்கள். இது நிலவறையின் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் வரும். பாட்டில் பீர் போலச் சுர்ரென்று காஸும் ஏறாது. நாக்கில் மெல்லிய குறுகுறுப்பு மட்டும் இருக்கும். இது குறை இல்லை. குளிரும் காஸும் மறைத்துவிடும் ருசிகளெல்லாம் இதில்தான் வெளியே வருகின்றன.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டல் சீக்கிரம் படிவதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசின்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். எல்லா ஆலையும் சேர்ப்பதில்லை. ‘இது வீகனா?’ என்று கேளுங்கள், விவரம் தெரிந்த பப்பில் சொல்லிவிடுவார்கள்.

படி 2: பப்பைத் தேர்ந்தெடுப்பது

பீர் இறைக்கும் பம்புகள் பத்து வரிசையாக நின்றால் மயங்கிவிடாதீர்கள். மூன்றே பம்பு வைத்து மூன்றும் மளமளவென்று விற்கும் இடமே மேல். வேலை முடிந்து ஆட்கள் வந்து நிறையும் மாலை நேரம் நல்லது. கடை திறந்ததும் வரும் முதல் கோப்பையில் ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற பீர் கலந்திருக்கலாம். பம்பின் மேல் இருக்கும் பெயர்ப்பலகையைத் திருப்பி வைத்திருந்தால் அந்த பீர் இப்போது இல்லை என்று அர்த்தம்.

பெரும்பாலான இடங்களில் நம்மூர் அடிபம்பு மாதிரி கையால் இழுக்கும் பம்பு இருக்கும். ஆனால் ஸ்காட்லாந்துக்கே உரிய முறை வேறு. எடின்பரோவில் வெஸ்ட் போ தெருவில் இருக்கும் ‘போ பார்’ போய்ப் பாருங்கள். பீர் ஊற்றித் தரும் மேடைமேல் உயரமான தூண்கள் மாதிரி பித்தளைக் குழாய்கள் நிற்கும். அவற்றின் பெயரை எழுதுவது ‘ஃபவுண்ட்’, சொல்வது ‘ஃபாண்ட்’. அழுத்திய காற்று நிலவறையிலிருந்து பீரை மேலே தள்ளும், பணியாளர் ஒரு சின்னக் கைப்பிடியைத் திருப்புவார், அவ்வளவுதான். கோப்பைக்குள் பழுப்பு அலையலையாகப் புரண்டு, அடியிலிருந்து மேலாக மெல்லத் தெளிந்து, மேலே ஆடை மாதிரி நுரை கட்டும். முதல் தடவை போகிறவர்கள் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு அந்த ஒரு நிமிடத்தைப் பாருங்கள்.

படி 3: பெயரைப் படிப்பது

60/-, 70/-, 80/- என்று எழுதியிருக்கும். பார்த்தால் நம் கடைச் சீட்டில் ரூபாய்க்குப் பின்னால் போடும் கோடு மாதிரியே இருக்கும். இங்கே அது ஷில்லிங். 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பீப்பாய் என்ன விலையோ அதுவே பீரின் பெயராக நின்றுவிட்டது. விலை ஏற ஏறச் சாராய அளவும் ஏறும்.

60 ஷில்லிங்குக்கு ‘லைட்’ என்று பெயர், 3.5 சதவீதத்துக்கும் கீழே. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: லைட் என்பது வீரியத்தைச் சொல்கிறது, நிறத்தை அல்ல. பல லைட்டுகள் கருப்பாகவே இருக்கும். 70 ‘ஹெவி’, 4 சதவீதம் வரை. 80 ‘எக்ஸ்போர்ட்’, 4-க்கு மேல் 5.5 வரை. 90-உம் அதற்கு மேலும் ‘வீ ஹெவி’, 6 சதவீதம் தாண்டும், சின்னக் கோப்பையில் மெதுவாகக் குடிக்க வேண்டியது.

முதல் தடவைக்கு 80 கேளுங்கள். முன்பு போல எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. 1869-இல் தொடங்கிய எடின்பரோவின் கலிடோனியன் ஆலையே 2022-இல் மூடிவிட்டது. எனக்கு அது இன்னமும் வருத்தம்தான். 80 இல்லாவிட்டால் ஆர்க்னி தீவுகளின் ‘டார்க் ஐலண்ட்’ போன்ற கருப்பு ஏல் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: கேட்டு வாங்குவது

மேஜையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். மேடைக்குப் போய் நிற்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாருக்குப் பின் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு முன்னால் வந்தவர் இருந்தால் ‘இவர் முதலில்’ என்று கைகாட்டுங்கள். காசை அப்போதே கொடுத்துவிட வேண்டும். இளமையாகத் தெரிந்தால் 18 முடிந்ததற்கு அடையாள அட்டை கேட்பார்கள்.

கூட்டம் குறைவாக இருக்கும்போது ‘கொஞ்சம் ருசி பார்க்கலாமா’ என்று கேட்டால் ஒரு வாய் ஊற்றித் தருவார்கள். பிறகு அரை பைண்ட் வாங்குங்கள், 284 மில்லி. முழு பைண்ட் 568 மில்லி. பழகுகிறவர்களுக்கு அது அதிகம்.

படி 5: ருசிப்பது

காரசாரமாகச் சாப்பிட்ட கையோடு போகாதீர்கள், நாக்கு மரத்திருக்கும்.

முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல 80, பால் சேர்க்காத கருப்பட்டிக் காப்பி மாதிரி செம்பழுப்பாக, தெளிவாக இருக்கும். கோப்பையை லேசாகச் சுழற்றி மோந்து பாருங்கள். ஆங்கில வருணனைகளில் ‘டாஃபி’, ‘பிஸ்கட்’ என்பார்கள். எனக்கு ஞாபகம் வருவது வெல்லப்பாகு காயும் அடுப்படி வாசம், கொஞ்சம் உலர்திராட்சை, ஓரத்தில் தீய்ந்த ரொட்டித் துண்டு. உங்கள் மூக்கு எதைச் சொல்கிறதோ அதைத் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை ஒப்பிட அந்தச் சொல்தான் உதவும்.

ஒரு மடக்கு குடித்து, வாய் முழுக்கப் பரவவிட்டு, விழுங்கிய பிறகு மூக்கால் மூச்சை விடுங்கள். முன்னால் மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், இனிப்பு வரும்; ஹாப்ஸ் என்ற கொடிப்பூவின் கசப்பு பின்னாலேயே வந்து அடக்கமாக நிற்கும். புகைவாடை தேட வேண்டாம், அது ஐலா தீவு விஸ்கியின் சங்கதி.

படி 6: கெட்டதை அடையாளம் காண்பது

வினிகர் புளிப்பு, நனைந்த அட்டைப்பெட்டி வாடை, நுரையே இல்லாத சப்பென்ற தன்மை: இவை கெட்டுப்போனதன் அடையாளங்கள். பாப்கார்ன் வெண்ணெய் மணம் தூக்கலாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். கலங்கல் மட்டும் இருந்தால் உடனே முடிவு கட்டாதீர்கள், ஐசின்கிளாஸ் சேர்க்காத பீர் அப்படியும் வரலாம்.

கெட்டது என்று பட்டால் இரண்டு மடக்கோடு நிறுத்தி, மேடைக்குக் கொண்டுபோய், ‘கொஞ்சம் புளிப்பாகத் தெரிகிறது, பார்க்கிறீர்களா?’ என்று அமைதியாகச் சொல்லுங்கள். நல்ல பப்பில் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள். பாதிக்கு மேல் குடித்துவிட்டுச் சொல்வது முறையல்ல.

படி 7: அடுத்த கோப்பை

இன்னொன்று வேண்டுமென்றால் வீரியம் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள். இடையில் தண்ணீர் கேளுங்கள், காசு வாங்க மாட்டார்கள். கார் எடுத்து வந்திருந்தால் குடிக்கவே வேண்டாம். 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம். இங்கிலாந்தில் அது 80.

முதல் கோப்பையின் கடைசிக் கால்பங்கை மட்டும் அவசரப்பட்டு முடிக்காதீர்கள். அறைச் சூட்டில் இரண்டு மூன்று டிகிரி ஏறியிருக்கும், உலர்திராட்சை மணம் அப்போதுதான் திறந்துகொள்ளும். கோப்பையின் உள்சுவரைப் பாருங்கள். பீர் நன்றாக இருந்திருந்தால், நீங்கள் குடித்த ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு நுரை வளையம் ஒட்டியிருக்கும்.