எஞ்சினை ஏற்றமுதல் ஸ்டாட்டரைப் பாருங்கோ

கிளிநொச்சிப் பக்கம் காலபோக அறுவடை தொடங்கினால் லொறிக்காரர் எவருக்கும் பொறுமை இராது. "நாளைக்கு நெல்லு ஏத்தவேணும் அண்ணை" என்று பக்கத்திலேயே நிற்பார்கள். எஞ்சின் மாற்றும்போது அந்த அவதியில்தான் பிளைவீல் வேலை, அதாவது எஞ்சினின் பின்பக்கம் வரும் பாரச் சில்லைப் பூட்டும் வேலை, பிழைத்துப்போகும்.

எனக்கே நடந்தது. எஞ்சினுக்கும் கியர்பொக்சுக்கும் இடையில் வரும் மெல்லிய தகட்டை மறந்து பிளைவீலை இறுக்கிவிட்டேன். அந்தத் தகடு பிளைவீலுக்கு முதல் ஏறவேண்டியது. வேப்பமரத்தில் செயின் புளொக்கில் தொங்கிய எஞ்சினை மறுபடி இறக்கி, கிளச்சையும் கழற்றி, அரைநாள் போனது.

வாங்கிய எஞ்சின் ஓட்டோ கியர் வாகனத்தில் கழற்றியதா என்று பாருங்கோ. அதில் பிளைவீலுக்குப் பதிலாக இருப்பது மெல்லிய டிரைவ் பிளேட். போல்ட்டும் கட்டையாகவே இருக்கும். அதே போல்ட்டால் தடித்த பிளைவீலைப் பூட்டினால் நாலைந்து புரிதான் பிடிக்கும். கிராங்கின் நடுத்துளையில், கியர்பொக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பெயாரிங் இருக்கிறதா என்றும் பாருங்கோ. பின் ஓயில் சீலை மாற்றுவதற்கும் இதுதான் நேரம். இரண்டு முகத்தையும் துடையுங்கோ. கிறவல் தூசி ஒரு பொட்டு இருந்தாலும் பிளைவீல் கோணும், கிளச் விடும்போது வண்டி உதறும். போல்ட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால் இறுக்குங்கோ.

பற்றறி கிடைக்காத யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்காலத்தில் வண்டியைத் தள்ளி ஸ்டாட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய ஊர் இது. அதனாலோ என்னவோ ஸ்டாட்டரை, அதாவது எஞ்சினைச் சுழற்றி ஸ்டாட் பண்ணும் மோட்டரை, ஒருவரும் மதிப்பதில்லை. நிலத்தில் போட்டு, காலால் மிதித்து, வயரைத் தொட்டுப் பார்த்து "சுத்துது" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது துள்ளிக் காலில் விழும். வைசில் இறுக்கித்தான் பார்க்கவேணும். வெறுமனே சுழன்றால் போதாது, அதன் பினியன் என்ற சின்னப் பற்சில்லு வெளியே பாய்கிறதா, அதன் பல் பிளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையமான றிங் கியரோடு பொருந்துகிறதா என்றும் பார்க்கவேணும். நாலு சிலிண்டர் எஞ்சின் அநேகமாக அதே இரண்டு இடத்தில்தான் நிற்கும். அங்கேதான் பல் தேயும், ஆகவே பிளைவீலை முழுவட்டம் கையால் சுற்றிப் பாருங்கோ.

ஸ்டாட்டரைப் பூட்டிச் சுழற்றமுதல் எஞ்சினுக்கு ஓயில் விடுங்கோ, டீசல் வராமல் நிறுத்துங்கோ. ஏற்றமுதல் சுழற்றிப் பார்க்க டயரின்மேல் வைத்த எஞ்சினுக்கு, வண்டியின் உடம்புவழி வரும் ஏர்த் கிடையாது. பற்றறியின் கழி வயரை நேரே புளொக்கில் பிடியுங்கோ. இது தெரியாமல், 'டக்' என்று மட்டும் கேட்ட நல்ல ஸ்டாட்டர்களை எறிந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஒருதரம் 10 செக்கனுக்குமேல் சுழற்றாமல் ஆறவிடுங்கோ. சுழலும்போது 12 வோல்ட் பற்றறி 9.6இற்குக் கீழே இறங்கினால் முதலில் பற்றறியையும் வயர்களையும் சந்தேகியுங்கோ.

சில ஜப்பான் டீசல் எஞ்சின்களுக்கு 12 வோல்ட்டிலும் 24 வோல்ட்டிலும் ஸ்டாட்டர் உண்டு, பார்வைக்கு ஒரே சாடை. உடம்பில் ஒட்டிய தகட்டை வாசித்த பிறகு வயரைத் தொடுங்கோ.