பூக்கார அக்காவிடம் படத்தைக் காட்டுங்கள்: புதிய ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படத்தை நீட்டி “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்பதுதான் வரையத் தொடங்கியவர்கள் செய்யும் முதல் தவறு. அக்கம்பக்கத்தார் நம் மனம் நோகக் கூடாதென்று “ரொம்ப நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு கோட்டைக்கூடத் திருத்த முடியாது. “இதில் என்ன நடக்கிறது, சொல்லுங்கள்” என்று கேளுங்கள்.

பெங்களூரு அல்சூரில், சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூக்கட்டும் அக்கா ஒருவரை நீர்வண்ணத்தில் வரைந்தேன். புடவை மடிப்பும் கூடை மல்லிகையும் அமைந்துவிட்டன என்று நம்பி அவரிடமே காட்டினேன்.

“புடவை என்னுடையதுதான். ஆனால் நார் தொங்குகிறதே தம்பி, இழுத்துப் பிடிக்காவிட்டால் முடிச்சு எப்படி விழும்?” என்றார்.

“அது என் பாணி அக்கா” என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். சாக்குச் சொல்வதுதான் இரண்டாவது தவறு. பேசாமல் நின்றேன். அவர் வாழைநாரை எடுத்து, பூவைச் சுற்றி இழுத்துக் காட்டினார். இழுக்கும்போது முழங்கை விலாவைவிட்டு எழுந்தது. நான் வரைந்த கையோ சும்மா மடியில் கிடந்தது. வீட்டுக்கு வந்து ஈரத் தூரிகையால் அந்தக் கையின் வண்ணத்தை ஒற்றியெடுத்து மறுபடி வரைந்தேன். காய்ந்தபின் பிளேடு முனையால் ஒரே கோடாகக் கீறி, அடியிலிருந்த காகித வெள்ளையையே நாராக்கினேன். மறுநாள் அதைப் பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குத் துணிவு வந்த நாள் அதுதான்.

அதற்காக எல்லோர் சொல்லுக்கும் தூரிகையை எடுக்காதீர்கள். நாரைப் பற்றிச் சொல்ல அக்காவுக்கு உரிமை உண்டு. “சிவப்பு இன்னும் போடலாமே” என்பவர் தன் விருப்பத்தைச் சொல்கிறார்; குறித்து வைத்தால் போதும். ஒரே இடத்தில் மூன்று பேர் தயங்கினால் மட்டும் அந்த இடத்தைப் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழும் காட்ட வேண்டாம்; வண்ணம் மாறித் தெரியும். ஈரம் காயாமலும் காட்ட வேண்டாம். நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறிவிடும்.

நம்மவர்களிடம் மட்டும் காட்டுவது இன்னொரு தவறு. அல்சூர் ஏரிக்கருகே 2009-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையை வரைந்தபோது தமிழர்கள் எல்லோரும் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி வள்ளுவருக்கு உரியது. நான் என் படத்துக்கு என்று எடுத்துக்கொண்டேன். கன்னடம் பேசும் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான், “சிலை எவ்வளவு உயரம் என்று தெரியவில்லையே” என்றார். உண்மைதான். ஒப்பிட்டுப் பார்க்கப் பீடத்தருகே ஓர் ஆளைக்கூட நான் வரையவில்லை.

இவற்றையெல்லாம் தாண்டாமல் நேரே சித்ர சந்தைக்குப் போகாதீர்கள். 1960-இல் தொடங்கிய கர்நாடக சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் ஜனவரியில் குமார கிருபா சாலையில் நடத்தும் ஒருநாள் ஓவியச் சந்தை அது. அந்த நெரிசலில் நின்று பேச யாருக்கும் நேரமிருக்காது. முதல் ஆண்டு பார்வையாளராகப் போய், மக்கள் எந்தப் படத்தின் முன் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு கடை போடும்போது ஒருவர் பாதி விலைக்குக் கேட்டால் மனம் உடைய வேண்டாம். அல்சூர்ச் சந்தையில் கத்தரிக்காய்க்கும் அப்படித்தான் கேட்பார்.