நக்த் கல்லறையின் இசைப்பெண்களை நகலெடுக்க

எகிப்துக் கல்லறை ஓவியம் பழக என்னிடம் வருபவர்களுக்கு முதலில் நக்த் என்ற எழுத்தரின் கல்லறையிலுள்ள மூன்று இசைப்பெண்களைத்தான் கொடுப்பேன். பழைய எகிப்திய நகரமான தீப்ஸில் 52-ம் எண் கல்லறை, 18-வது அரச வம்சக் காலம், சுமார் 3,400 ஆண்டுப் பழசு. யாழ், நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியம், இரட்டைக்குழல் என்று வாசித்தபடி நிற்கிறார்கள்.

நிற்கும் உருவத்துக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றி முடிவரை 18 கட்டம். முழங்கால் 6-ல், தோள் 16-ல். கட்டக் கோடுகளை ஸ்கேலால் போடாதீர்கள். தையல் நூலைக் காவிக் கரைசலில் நனைத்து, ஆசாரி மரத்தில் நூல் அடிப்பதுபோல் சுண்டுங்கள். எகிப்தியர்களும் இப்படித்தான் அடித்தார்கள். தாள் 300 ஜிஎஸ்எம் கனத்தில் இருக்கட்டும்.

காவி, மஞ்சள் காவி, கரி எல்லாம் இங்கேயே கிடைக்கும். நாட்டு மருந்துக் கடையில் அரிதாரம் கண்ணில் படும். எகிப்தியர் பூசிய பளீர் மஞ்சள் அதுதான். ஆனால் ஆர்செனிக் சேர்ந்த விஷம், தொடவே வேண்டாம். மஞ்சள் காவி போதும்.

இந்தச் சுவர்களை நகலெடுத்த நினா டேவிஸ் முட்டைக் கருவில் வண்ணம் குழைத்தவர். வெள்ளைக்கரு முழுக்க வடிந்தபின் மஞ்சள் கருவை டிஷ்யூ தாளில் மெல்ல உருட்டித் துடையுங்கள். தோலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு அடியில் ஊசியால் குத்தினால் கரு கிண்ணத்தில் இறங்கும். தோல் கையிலேயே நிற்கும். சம அளவு தண்ணீர் விட்டு வண்ணப் பொடியோடு குழையுங்கள். சென்னை வெயிலில் மத்தியானமே நாற்றம் எடுத்துவிடும், அன்றன்றைக்குக் கலக்குங்கள். சட்டென்று காய்வதால் நிழல் தேய்க்க முடியாது. இந்த ஓவியத்துக்கு அது தேவையும் இல்லை.

முதலில் பின்னணி, பிறகு மேனி, உடை, கூந்தல். விளிம்புக்கோடு கடைசியில்தான். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பு. மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து இழுத்தால் கோடு நடுங்காது.

பூச்சு உதிர்ந்த இடத்தை உதிர்ந்ததாகவே வரையுங்கள். கையோ முகமோ பாதி போயிருந்தால் நாமாக நிரப்பக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சுவர் நாளை இன்னும் உதிரலாம், இன்று எவ்வளவு மிஞ்சியிருந்தது என்று உங்கள் தாள்தான் சொல்லும்.

ஐப்பசி மழையில் தாளில் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்தபின், கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி இடைவெளி விட்டு ஃப்ரேம் போடுங்கள். அதற்கு முன் பின்பக்கம் பென்சிலால் கல்லறை எண்ணையும், எந்த நகலைப் பார்த்து வரைந்தீர்கள் என்பதையும், தேதியையும் எழுதிவிடுங்கள்.