நுண்ணோக்கிப் படங்களைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கும் முன் மெட்டாடேட்டாவைத் தயார் செய்வது எப்படி?

நுண்ணோக்கிப் படங்களைக் களஞ்சியத்தில் ஏற்றுவது ஓரிரு நாள் வேலைதான். அவற்றோடு போக வேண்டிய மெட்டாடேட்டாதான் இழுத்தடிக்கும். எந்த உயிரினம், மாதிரியை எப்படித் தயாரித்தார்கள், எந்த லென்ஸ், ஒரு பிக்சல் எத்தனை மைக்ரோமீட்டர் என்ற விவரங்களெல்லாம் கட்டுரை ஏற்கப்படும் நேரத்தில் திடீரென்று தேவைப்படும். அதற்குள் படம் எடுத்த மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பார். ஆகவே, கீழே சொல்வதில் பெரும்பகுதியைப் படம் எடுக்கிற அன்றே எழுதிவிடுங்கள்.

விளக்குவதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். இரத்தக்குழாய்கள் பச்சையாக ஒளிரும் ஸீப்ரா மீன்குஞ்சுகள் 24. கருவுற்று 72 மணி நேரம் ஆனவை. 12 குஞ்சுகளுக்கு இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் எஸ்யூ5416 என்ற மருந்து. மற்ற 12 ஒப்பீட்டுக் குழு. சிங்கப்பூரின் கென்ட் ரிட்ஜிலோ பயோபோலிஸிலோ உள்ள பொது நுண்ணோக்கிக் கூடத்தில் ஸ்பின்னிங் டிஸ்க் கன்ஃபோக்கல் என்ற கேமரா வகை நுண்ணோக்கியில் எடுத்த படங்கள் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: எந்தக் களஞ்சியம்?

ஒளி நுண்ணோக்கிப் படங்களுக்கு, இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் இருந்து இயங்கும் பயோஇமேஜ் ஆர்க்கைவ் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. கட்டணம் இல்லை. கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கித் தரவுகள் எம்பியர் என்ற களஞ்சியத்துக்குப் போகும். ஜப்பானின் ரிக்கென் நிறுவனம் நடத்தும் எஸ்எஸ்பிடி களஞ்சியமும் இருக்கிறது. இங்கே பயோஇமேஜ் ஆர்க்கைவை வைத்தே பேசுவோம். அதன் படிவம் 2021இல் வெளியான ரெம்பி என்ற பரிந்துரையைப் பின்பற்றுகிறது. ஆய்வு, ஆய்வின் பகுதிகள், உயிர்மாதிரி, அதிலிருந்து தயாரித்த மாதிரி, படம்பிடித்த முறை, படத்தரவு, பகுப்பாய்வு எனத் தகவலைப் பிரித்துக் கேட்கும்.

படி 2: மூலக் கோப்பைத் தொடாதீர்கள்

நுண்ணோக்கி எழுதிய என்டி2, சிஇசட்ஐ, லிஃப் போன்ற கோப்புகளுக்குள்ளேயே பாதி மெட்டாடேட்டா இருக்கிறது. கட்டுரைப் படத்துக்காக ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் திறந்து, ஆர்ஜிபியாக மாற்றி, ஜேபெக்காகச் சேமித்ததைக் களஞ்சியத்துக்கு அனுப்பக் கூடாது. 16 பிட் படம் ஒவ்வொரு நிறத்திலும் 8 பிட்டாகச் சுருங்கியிருக்கும். ஒளிச்செறிவை யாரும் மறுபடி அளக்க முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மெட்டாடேட்டாவையும் சேர்த்து வைக்கும் ஓஎம்இ-டிஃப் அல்லது ஓஎம்இ-ஸார் வடிவத்துக்கு மாற்றுங்கள். அப்போதும் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

படி 3: உயிர்மாதிரி

"ஸீப்ரா மீன்" என்று மட்டும் எழுதினால் போதாது. அறிவியல் பெயர் டேனியோ ரெரியோ. என்சிபிஐ என்ற அமெரிக்கத் தரவு மையம் தரும் வகைப்பாட்டு எண் 7955. சுண்டெலி என்றால் 10090, மனிதன் என்றால் 9606. மரபுமாற்ற வகையை முழுப்பெயரோடு கொடுங்கள். நம் மீனுக்கு எஃப்எல்ஐ1ஏ:இஜிஎஃப்பி (இஜிஎஃப்பி என்பது பச்சை ஒளிர்புரதம்) என்று நிறுத்தாமல், கடைசியில் வரும் ஒய்1 என்ற அடையாளத்தையும் சேர்க்க வேண்டும். அதே மரபணுவை வைத்து உருவாக்கிய வேறு மீன்வகைகளும் இருப்பதால், அந்த இரண்டு எழுத்துதான் எந்த மீன் என்று காட்டிக்கொடுக்கும். செல் வரிசைகளுக்கு, அவற்றின் தரவுத்தளமான செல்லோசாரஸ் தரும் எண் தேவை. ஹீலா என்ற மனிதச் செல் வரிசைக்கு அது சிவிசிஎல்_0030.

ஒப்பீட்டுக் குழு என்றால் என்ன என்பதையும் எழுதுங்கள். மருந்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருந்தால், ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓ போயிருக்கும். "0.1 விழுக்காடு டிஎம்எஸ்ஓ" என்றால் படிப்பவருக்குப் புரியும். "சாதாரணம்" என்றால் புரியாது. வளர்த்த வெப்பநிலையும் வேண்டும். ஸீப்ரா மீனின் வயதுக் கணக்கு 28.5 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொண்டது. வெப்பநிலை குறைந்தால் அதே 72 மணி நேரத்தில் குஞ்சு பின்தங்கியே இருக்கும்.

படி 4: பிக்சல் அளவு

பிழை அதிகம் நுழையும் இடம் இது. நிதானமாகச் செய்யுங்கள்.

கேமரா பிக்சலின் அகலம் 6.5 மைக்ரோமீட்டர், லென்ஸ் 20 மடங்கு என்றால், 6.5ஐ 20ஆல் வகுத்து 0.325 மைக்ரோமீட்டர் வரும். பக்கத்துப் பிக்சல்களை ஒன்றாகச் சேர்க்கும் பின்னிங்கை 2க்கு 2 எனப் போட்டிருந்தால் அது 0.65 ஆகிவிடும். வழியில் 1.5 மடங்கு கூடுதல் லென்ஸ் இருந்தால் அதற்கும் வகுக்க வேண்டும். புள்ளி புள்ளியாக லேசரால் வருடும் கன்ஃபோக்கலில் இந்தக் கணக்கு செல்லாது; அங்கே ஸூம் அளவும் படத்தின் பிக்சல் எண்ணிக்கையும்தான் தீர்மானிக்கும்.

கோப்பில் பதிவான எண்ணை அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. லென்ஸைக் கையால் திருப்பும் நுண்ணோக்கிகளில், எந்த லென்ஸ் போட்டிருக்கிறோம் என்று மென்பொருளுக்குத் தெரியாது. நாம் தேர்ந்தெடுத்ததையே அது எழுதும். 20 மடங்கில் எடுத்துவிட்டு மென்பொருளில் 40 மடங்கு என்று விட்டிருந்தால், 0.325க்குப் பதில் 0.1625 பதிவாகும். 10 மைக்ரோமீட்டர் அகலமுள்ள இரத்தக்குழாய் 5 ஆகத் தெரியும். பரப்பளவு நான்கில் ஒரு பங்காகிவிடும். மருந்துக் குழுவின் படங்களில் மட்டும் இந்தத் தவறு நேர்ந்திருந்தால், மருந்து வேலை செய்ததுபோலவே இருக்கும்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. 1 மில்லிமீட்டரை 100 கட்டங்களாகப் பிரித்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் கண்ணாடித் தகட்டைக் கூடத்தில் கேட்டு வாங்கி, அதே அமைப்பில் ஒரு படம் எடுங்கள். பத்து கட்டம், அதாவது 100 மைக்ரோமீட்டர், படத்தில் சுமார் 308 பிக்சல் வர வேண்டும். 615 வந்தால் 40 மடங்கு லென்ஸ் போட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்தையும் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள். பின்னாளில் அளக்க வருபவருக்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

அடுத்தது இசட் இடைவெளி, அதாவது ஆழவாக்கில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு தளங்களுக்கு இடையே உள்ள தூரம். ஃபிஜியில் படத்தைத் திறந்து, இமேஜ் பட்டியலில் ப்ராப்பர்ட்டீஸைச் சொடுக்கினால் வாக்ஸல் ஆழம் என்ற பெயரில் அது தெரியும். அங்கே சரியாக 1 என்றும், அலகு பிக்சல் என்றும் இருந்தால், பெரும்பாலும் மாற்றும்போது தகவல் தொலைந்துவிட்டது என்று பொருள். 2 மைக்ரோமீட்டர் இடைவெளியில் எடுத்தது 1 ஆகப் பதிவானால், குஞ்சு பாதி தட்டையாகிவிடும்.

படி 5: சேனல்கள்

"பச்சை", "சிவப்பு" என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். திரையில் தெரிவது மென்பொருள் பூசிய நிறம். ஒரு சொடுக்கில் மாறிவிடும். சேனலின் வரிசை எண், ஒளிர்பொருள், தூண்டும் அலைநீளம், வடிகட்டி, எக்ஸ்போஷர் ஆகியவற்றைக் கொடுங்கள். எடுத்துக்காட்டாக: சேனல் 1, இஜிஎஃப்பி, 488 நானோமீட்டர் லேசர், வடிகட்டி 525/50, 100 மில்லிவினாடி. 525/50 என்றால் 500 முதல் 550 நானோமீட்டர் வரை. லென்ஸுக்கு மடங்கோடு நிறுத்தாமல், எண் துளை அளவையும் (என்ஏ), லென்ஸுக்கும் மாதிரிக்கும் இடையே இருப்பது காற்றா நீரா எண்ணெயா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 6: கோப்புப் பட்டியல்

படிவம் ஆய்வை மொத்தமாக விவரிக்கும். எந்தக் கோப்பில் எந்த மீன் என்று சொல்வது கோப்புப் பட்டியல்தான். டேப் பிரித்த உரையாகவோ எக்ஸெல் கோப்பாகவோ கொடுக்கலாம். முதல் நெடுவரிசையின் தலைப்பு ஆங்கிலத்தில் 'ஃபைல்ஸ்' என்றே இருக்க வேண்டும். ஒரு கோப்புக்கு ஒரு வரி. இங்கே தமிழில் காட்டுகிறோம். நீங்கள் எழுதும்போது எல்லாம் ஆங்கில எழுத்தில்:

| ஃபைல்ஸ் | குழு | மீன் எண் | மருந்து | அளவு, மைக்ரோமோலார் | எடுத்த நாள் |
|---|---|---|---|---|---|
| கன்ட்ரோல்/ஃபிஷ்_01.என்டி2 | ஒப்பீடு | 1 | டிஎம்எஸ்ஓ | 0 | 2025-03-05 |
| ட்ரீட்டட்/ஃபிஷ்_13.என்டி2 | மருந்து | 13 | எஸ்யூ5416 | 1 | 2025-03-05 |

அலகைத் தலைப்பில் வையுங்கள், கட்டங்களில் எண் மட்டும். மைக்ரோ குறியீடு வேண்டாம். கணினியில் பார்க்க ஒன்றாகவே தெரியும் இரண்டு மைக்ரோ எழுத்துகள் உள்ளன. ஒன்று கிரேக்க எழுத்து, மற்றது தனிக் குறியீடு. நிரல் இரண்டையும் வெவ்வேறாக எடுத்துக்கொள்ளும்.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். சிங்கப்பூரில் 05/03 என்றால் மார்ச் 5. அமெரிக்க மென்பொருளுக்கு அது மே 3. நேரத்தைக் குறிப்பிட்டால் +08:00 என்பதையும் சேர்க்க வேண்டும். இங்கே செவ்வாய் காலை 7 மணி, உலகப் பொது நேரத்தில் திங்கள் இரவு 11.

எக்ஸெல்லில் தட்டச்சு செய்பவர்கள், எழுதத் தொடங்கும் முன்பே நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். 2இ10 என்ற ஆன்டிபாடி குளோன் பெயரை எக்ஸெல் இருபதாயிரம் மில்லியன் என்ற எண்ணாக்கிவிடும். செப்ட்2 என்ற மரபணு செப்டம்பர் 2 ஆகும். இந்தத் தொல்லையாலேயே மனித மரபணுப் பெயர்க் குழு அதை செப்டின்2 என்று மாற்றியது.

பட்டியலில் உள்ள பாதையும் ஏற்றிய கோப்பும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. விண்டோஸின் பின்சாய்வுக் கோட்டை முன்சாய்வாக மாற்றுங்கள். கோப்புப் பெயரில் தமிழ், சீன எழுத்துகளும் இடைவெளியும் வேண்டாம். மேக் கணினி மறைவாக உருவாக்கும் டிஎஸ்_ஸ்டோர் கோப்புகளை நீக்குங்கள். பட்டியலைக் கையால் தட்டச்சு செய்வதைவிட, கோப்புறையின் உள்ளடக்கத்தைக் கட்டளை வழியாக எடுத்து ஒட்டுவதே நல்லது. வரிகளை எண்ணிப் பாருங்கள்: தலைப்பு ஒன்று, கோப்புகள் 24, மொத்தம் 25. மைக்ரோமீட்டர் தகட்டின் படத்தைச் சேர்த்திருந்தால் 26.

படி 7: மனித மாதிரிகள் இருந்தால்

மீனுக்கு இந்தப் படி தேவையில்லை. மனிதத் திசு என்றால், ஏற்றுவதற்கு முன் உங்கள் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும், தரவைப் பொதுவில் பகிரப் பங்கேற்பாளர் தந்த ஒப்புதலும் கையில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் நடப்பில் உள்ளது. பலர் கவனிக்காத ஓர் ஆபத்து இருக்கிறது. திசுத் தகட்டை முழுதாக வருடும் ஸ்கேனர்கள், எஸ்விஎஸ் போன்ற கோப்புகளுக்குள் தகட்டின் ஒட்டுச்சீட்டையும் தனிப் படமாகச் சேமிக்கும். அதில் நோயாளியின் பெயரோ அடையாள அட்டை எண்ணோ இருக்கலாம். கோப்பின் பெயரை மாற்றினால் அது போகாது. உள்ளே இருக்கும் அந்தப் படத்தையே நீக்க வேண்டும்.

படி 8: ஏற்றுதல்

அளவைக் கணக்கிடுங்கள். 2048க்கு 2048 பிக்சல், 16 பிட் என்றால் ஒரு தளம் சுமார் 8.4 மெகாபைட். 60 தளம், 2 சேனல் என்றால் ஒரு மீனுக்கு ஏறக்குறைய 1 ஜிகாபைட், மொத்தம் 24. இதை உலாவியில் இழுத்துப் போடுவதைவிட, பெரிய கோப்புகளை அனுப்ப உதவும் எஃப்டிபி அல்லது ஆஸ்பெரா வழியே அனுப்புங்கள். ஏற்றும் முன் ஒவ்வொரு கோப்புக்கும், அது மாறாமல் போய்ச் சேர்ந்ததா என்று காட்டும் எம்டி5 எண்ணைக் கணக்கிட்டுச் சேமித்துவையுங்கள்.

படிவத்தை நிரப்பி வெளியீட்டுத் தேதியைக் கொடுத்தால், எஸ்-பிஐஏடி என்று தொடங்கும் எண் கிடைக்கும். கட்டுரையில் குறிப்பிட வேண்டியது அந்த எண். தேதி வரும்வரை தரவு வெளியே தெரியாது. வெளியான அன்று, ஆய்வில் பங்கில்லாத ஒருவரிடம் அந்த எண்ணை மட்டும் கொடுங்கள். வேறு கணினியில் அவர் ஒரு கோப்பை இறக்கி, எம்டி5ஐ ஒப்பிட்டு, ஓர் இரத்தக்குழாயின் அகலத்தை மைக்ரோமீட்டரில் அளந்து சொல்லட்டும். உங்கள் எண்ணும் அவர் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் நான்காம் படிக்குத் திரும்புங்கள்.